பாறை என்று பதிவான ஊர்

வேதாசலம் தன் நாற்பத்தொன்பதாவது வயதில்தான், இத்தனை காலமும் தான் பாறையின் மேல் நெல் நட்டுக்கொண்டிருந்ததைத் தெரிந்துகொண்டார். சொன்னது அரசாங்கம். சும்மா வாயால் சொல்லவில்லை. முத்திரை இருந்தது, கோப்பு எண் இருந்தது, கீழே பச்சை மையில் கையெழுத்தும் இருந்தது. மண் என்று நினைத்துக்கொண்டிருந்தது இவர் மட்டும்தான்.

ஒடுகத்தூரிலிருந்து மலைப்பக்கமாக ஏழு கிலோமீட்டர் போனால் மருதேரிப்பட்டு. வேதாசலம் பிறந்தது அங்கேதான் என்றாலும் பிழைத்தது ஆம்பூரில். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் பச்சைத் தோலை அலசிவிட்டு, முதுகு போன பிறகு பி.எஃப். பணத்தை வாங்கி, ஊரில் இரண்டு ஏக்கர் வாங்கினார். நிலத்துக்காக வாங்கினார் என்று சொல்வதைவிடக் கிணற்றுக்காக வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு அடி. பங்குனி வெயிலிலும் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடும். ஆம்பூரில் கேன் தண்ணீர் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்ட மனுஷன், நிலம் பார்க்க வந்த அன்றைக்கு அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, விலை பேசக்கூட மறந்துபோனார். மனைவி மோகனா இன்றைக்கும் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில் வீடும், கிணற்றுத் தண்ணீரில் வயிறும் நடந்துகொண்டிருந்தன.

தை மாதம் இருபதாம் தேதி கோவிந்தம்மாள் ஓடி வந்தாள். கோவிந்தம்மாளுக்கு வேதாசலத்தின் வரப்பை ஒட்டி அரை ஏக்கர். மிச்ச நேரத்துக்குக் களை எடுக்கக் கூலிக்குப் போவாள். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் ஊரில் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் காது கேட்காது.

"அண்ணே, நம்ம நெலத்தையெல்லாம் கவர்மென்ட் எடுத்துக்குதாம். கிராம ஆபீஸ் கதவுல நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க."

"கதவுலயா? நான் தெனமும் அந்தப் பக்கமாத்தானே போறேன்?"

"கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கீறாங்க. ஜன்னல்ல எட்டிப் பாத்தாதான் தெரியும்."

இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். மருதேரிப்பட்டு கிராமம். பட்டாக்கள் இருநூற்றுப் பதினான்கு. பரப்பு முந்நூற்றாறு ஏக்கர். நில வகை: பாறைத் தரிசு. பயிர்: இல்லை. நீர் ஆதாரம்: இல்லை. மக்கள் நடமாட்டம்: இல்லை. கால்நடை: ஆடு ஒன்று. மேற்படி பயனற்ற நிலம், தரவு மையம் (டேட்டா சென்டர்) அமைக்கும் பொதுநோக்கத்துக்காக எடுக்கப்பட உள்ளது. ஆட்சேபணை இருப்பவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அதில் இருபத்தாறு நாட்கள் பூட்டின கதவுக்குப் பின்னாலேயே கழிந்திருந்தன.

"அந்த ஆடு யாருது?" என்றார் வேதாசலம்.

"என்துதான். ஊர்ல அது ஒண்ணைத்தான் கவர்மென்டுக்குத் தெரிஞ்சிக்கீது."

இந்த விபரீதம் எப்படி நடந்தது என்று இங்கே விளக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அரசாங்கத்தின் மேல் வீண்பழி வந்துசேரும்.

மருதேரிப்பட்டில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஊருக்கு வடக்கே ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில் நின்றால் மட்டும் கிடைக்கும். டவர் பாறை என்று பெயர். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய, பேங்கிலிருந்து வரும் எண்ணைப் பார்க்க, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்ல, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அங்கேதான் ஏறியாக வேண்டும். ஆடியில் நிலத்தைப் பார்வையிட இரண்டு அலுவலர்கள் வந்தார்கள். கையில் 'நிலக்கண்' என்ற செயலி. அதில் படம் எடுத்தால் எடுத்த இடம் தானாகப் பதிவாகும். யாரும் பொய் சொல்ல முடியாது. ஆனால் சிக்னல் இருந்தால்தான் திறக்கும். முதல் வயலில் நின்று கால் மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று ஊர்ஜனங்கள்தான், "பாறை மேல போங்க சார், அங்க ஜோரா எடுக்கும்" என்று வழிகாட்டினார்கள். குடை கொடுத்தது வேதாசலம்.

அவர்கள் பாறை உச்சியில் குடையை விரித்து உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கு பட்டாவுக்கும் இருநூற்றுப் பதினான்கு படங்களை, உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி எடுத்து அனுப்பிவிட்டார்கள். எல்லாப் படத்திலும் பாறை. நூற்று நாற்பதாவது படத்தில் ஆடு. வேதாசலத்துக்கு நன்றி சொல்லிக் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஒழுங்கானவர்கள்.

மறுநாள் காலை வேதாசலம் பட்டா, சிட்டா, மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்த அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். லாங் பஜார் சந்து ஒன்றில், தட்டுவண்டிகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே புகுந்து போனால், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் 'தரவு மைய நில எடுப்புத் தனி அலுவலகம்' இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் எப்சி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். உட்காரச் சொன்னாள்.

"ஐயா, ஆட்சேபணை எல்லாம் ஆன்லைன்லதான். காரணத்தை நீங்களா எழுத முடியாது. லிஸ்ட்ல இருக்கறதுல ஒண்ணு சொல்லுங்க, நான் போட்டுடறேன்."

"இன்னா இன்னா கீதும்மா லிஸ்ட்ல?"

எப்சி வாசித்தாள். "ஒண்ணு, என் நிலத்தை விரைந்து எடுத்துக்கொள்ளவும். ரெண்டு, என் நிலம் விடுபட்டுள்ளது, சேர்த்துக்கொள்ளவும். மூணு, பெயரில் பிழை உள்ளது."

"தர மாட்டேன்னு சொல்றதுக்கு?"

அவள் மேலும் கீழும் தேடிப்பார்த்தாள். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது இல்லைங்கய்யா. நீங்க சாரையே பாத்துடுங்க."

சார் என்பவர் தனி அலுவலர் சூரியபிரகாஷ். அவர் மேசையில் மூன்று போன்கள் இருந்தன. மூன்றும் வேலை செய்தன. வேதாசலம் சொன்னதை எல்லாம் அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவ்வளவு மரியாதையாக வேதாசலத்தின் பேச்சை யாரும் கேட்டதில்லை.

"உங்களை நான் நம்பறேன், வேதாசலம். முழுசா நம்பறேன். உங்க நிலத்துல கிணறு இருக்கு, நெல்லு இருக்கு. ஆனா நான் நம்பறது ரெக்கார்டு ஆகாது பாருங்க."

"மோட்டாருக்குக் கரண்ட் அட்டை கீதுங்களே சார். கிணறு இல்லாம மோட்டார் எப்டி?"

"அது அவங்க டிபார்ட்மென்ட். அவங்களுக்குக் கிணறு இருக்கலாம். நான் தலையிட முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, தன் சொந்தத் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சிம்பிளா ஒரு வழி சொல்றேன். கிணத்துக்கிட்ட நின்னு, நிலக்கண்ல ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. முடிஞ்சுது."

"கிணத்துக்கிட்ட சிக்னல் இல்லீங்க சார்."

"எங்க இருக்கு?"

"பாறை மேல."

"அப்ப அங்கேர்ந்து எடுங்க."

"அங்க கிணறு இல்லீங்களே?"

சூரியபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் கோடு விழுந்தது. "ஒண்ணு பண்ணுங்க. கிணத்தைப் பாறைக்குக் கொண்டுபோக முடியுமான்னு பாருங்க. முழுசா வேணாம். ஒரு அடையாளத்துக்கு."

இதைக் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டியவர், "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். பத்தொன்பது வருஷம் சூப்பர்வைசருக்குத் தலையாட்டின பழக்கம் அவ்வளவு லேசில் விட்டுப்போகுமா? மறுநாள் நீலநிற பிளாஸ்டிக் வாளியில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, தூக்க முடியாமல் தூக்கி, வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து, டவர் பாறை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். கோவிந்தம்மாள் படம் எடுத்தாள். "சிரிண்ணே" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் நாள் ஆணை வந்தது. மனுதாரரின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. சர்வே எண் 116/2B-யில் நீர் ஆதாரம் 'இல்லை' என்பது, 'பிளாஸ்டிக் வாளி ஒன்று, நீலநிறம், பதினைந்து லிட்டர்' என்று திருத்தப்படுகிறது. நிலம் எடுக்கப்படும்போது மேற்படி வாளியும் அரசைச் சேரும்.

சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்த மோகனா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கெணத்துக்கு அடையாளம் கேட்டான், கொண்டுபோய்க் குடுத்த. இப்ப வாளியும் போச்சு. உன்னை மாதிரி ஒரு ஆளு கெடைப்பானா அவனுக்கு?" என்றாள். சிரித்து முடித்ததும் அழுதாள். பத்தொன்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து சேர்த்த நிலம். போனால் இன்னொரு தடவை வாங்க இவருக்கு முதுகும் இல்லை, வயதும் இல்லை. வேதாசலத்துக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மாசி முதல் வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். மக்பூல் அகமது பாயின் கல்யாண மண்டபத்தில், ஒடுகத்தூரில். ஊரில் மக்கள் நடமாட்டம் இல்லை என்று பதிவானதால் ஊருக்குள் கூட்டம் போட விதியில் இடமில்லையாம். நடமாட்டம் இல்லாத ஊரிலிருந்து நானூறு பேர் வந்தார்கள். மேடையில் பேனர்: 'தரவு மையத்தை வரவேற்கும் மக்களின் கருத்துக் கேட்பு.' சமையல்கட்டில் நான்கு அண்டாக்களில் பிரியாணி தம்மில் இருந்தது. வாசனை மேடை வரைக்கும் வந்தது.

முதலில் கம்பெனி அதிகாரி ஜெர்சன் பேசினார். கோட்டு போட்டிருந்தார், வியர்த்துக் கொட்டினாலும் கழற்றவில்லை.

"எங்க தொழில் ரொம்பச் சுத்தமான தொழில். புகை கிடையாது. நாத்தம் கிடையாது. முக்கியமா, ஆளுங்களே கிடையாது. முந்நூறு ஏக்கருக்கு மொத்தமே நாப்பது பேர். அதுல முப்பத்தாறு பேர் செக்யூரிட்டி. எல்லாத்துலயும் உங்களுக்குத்தான் முன்னுரிமை. உள்ளூர்க்காரங்க உள்ள வராம பாத்துக்க, உள்ளூர்க்காரங்களையே வேலைக்கு வெக்கறோம். இதைவிட ஒரு கம்பெனி என்ன செய்ய முடியும்?"

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அந்த டேட்டா எங்க ஊருக்கும் வருமா சார்? போன் எடுக்கவே மாட்டேங்குது" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"உலகத்துல இருக்கிற டேட்டா எல்லாம் உங்க ஊருக்குத்தான் வரப்போகுது" என்றார் ஜெர்சன். "உங்க போனுக்கு வராது. பில்டிங்குக்கு வரும்."

கோவிந்தம்மாள் எழுந்தாள். "தோல் கம்பெனிங்க வந்தப்பவும் இப்டித்தான் மேடை போட்டு, மாலை போட்டுப் பேசினாங்க. இன்னிக்கு அந்தப் பக்கம் கெணத்துல எறைச்சா காப்பித்தண்ணி மாரி வருது. இது எங்க தண்ணியை இன்னா பண்ணும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல சூரியபிரகாஷ் மைக்கை வாங்கினார். "அருமையான கேள்விம்மா. அது பழைய டெக்னாலஜி. தண்ணியை அசுத்தம் பண்ணிச்சு. இது புது டெக்னாலஜி. மிஷின் சூடாகும், தண்ணி ஊத்திக் குளுமைப்படுத்துவாங்க, தண்ணி ஆவியாப் போய்டும். உங்க தண்ணி ஒரு சொட்டுகூடக் கெட்டுப்போகாதுன்னு நான் எழுதித் தரேன். கெட்டுப்போக ஒரு சொட்டாவது மிச்சம் இருந்தாத்தானே?"

அவர் சிரித்தார். மண்டபத்தில் யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் ஜெர்சன் திரையில் தண்ணீர்த் திட்டத்தைக் காட்டினார். பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூறு அடி. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'சர்வே எண் 116/2B-யில் ஏற்கெனவே உள்ள வற்றாத கிணறு.' பக்கத்தில் வண்ணப்படம். மேலே டிரோனை விட்டு எடுத்தது. மோட்டார் கொட்டகை தெரிந்தது. கொட்டகைக் கூரையில் காயப்போட்டிருந்த வேதாசலத்தின் கட்டம்போட்ட துண்டுகூடத் தெரிந்தது.

வேதாசலம் எழுந்தார். நானூறு பேர் முன்னால் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "சார், அது என் கெணறு சார். அந்தத் துண்டு என்து. நீங்கதானே கெணறு இல்லைன்னு சொன்னீங்க? இப்ப கீதுன்னு காட்டறீங்க. கீதா, இல்லியா சார்?"

"வேதாசலம், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் சூரியபிரகாஷ். "நிர்வாகத்தைப் புரிஞ்சிக்கணும். நில எடுப்புப் பிரிவுல கிணறு இல்லை. நீர் வழங்கல் பிரிவுல இருக்கு. முரண்பாடே கிடையாது. கிணறு இருக்குன்னு இன்னிக்கு எழுதினா அது பாசன நிலம் ஆய்டும். பாசன நிலத்தை எடுக்கக் கூடாதுன்னு நாங்களே ஒரு விதி போட்டு வெச்சிருக்கோம். அந்த விதியை மதிக்கணுமா இல்லையா? மதிச்சுத்தான் கிணத்தை ரெக்கார்டுலேர்ந்து எடுத்துட்டோம். நிலத்தை எடுக்கற வரைக்கும் கிணறு இருக்காது. எடுத்த மறுநாள்லேர்ந்து இருக்கும்."

இவ்வளவு தெளிவாக இதுவரை எந்த அதிகாரியும் சொன்னதில்லை என்று வேதாசலத்துக்குத் தோன்றியது.

"சரி, எடுக்க வேண்டாங்கறவங்க எல்லாம் கையைத் தூக்குங்க, பாப்போம்" என்றார் சூரியபிரகாஷ். நானூறு கைகள் எழுந்தன. வீடியோக்காரர் நன்றாகச் சுற்றிச்சுற்றி எடுத்தார். பிறகு எப்சி கூட்டக் குறிப்பை வாசித்தாள். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"பொதுமக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். கோவிந்தம்மாள் என்பவர் தண்ணீர் ஆவியாகும் முறை குறித்து ஆர்வத்துடன் கேட்டறிந்தார். வேதாசலம் என்பவர், திட்டத்தின் படத்தில் தமது துண்டு இடம்பெற்றது குறித்து நெகிழ்ச்சி தெரிவித்தார். நிறைவாக, மக்கள் அனைவரும் கரங்களை உயர்த்தித் திட்டத்தை வரவேற்றனர். ஆட்சேபணை இல்லை." கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் வாசித்தாள்: "இக்குறிப்பில் கிராமத்தின் நில உரிமையாளர் இருவர் கையெழுத்திட்ட பின்னரே கூட்டம் முடிந்ததாகக் கருதப்படும். அதுவரை தனி அலுவலர் கூட்டத்தை விட்டு அகலக் கூடாது."

"யாராவது ரெண்டு பேர் வாங்க" என்றார் சூரியபிரகாஷ். "போட்டுட்டா சாப்பாடுதான்."

ஒருவரும் அசையவில்லை. பிரியாணி வாசனை அலைந்தது. சூரியபிரகாஷ் முதல் வரிசையைப் பார்த்தார்; முதல் வரிசை இரண்டாம் வரிசையைப் பார்த்தது; இரண்டாம் வரிசை மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தது.

"எங்க ஊர்ல மனுஷங்களே இல்லைன்னு எழுதிக்கீறீங்க" என்றாள் கோவிந்தம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஆடு ஒண்ணு கீது. வேணும்னா அதை இட்டுக்கினு வர்றேன். போடுதான்னு கேளுங்க."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஜனங்கள் எழுந்தார்கள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, துண்டை உதறிக்கொண்டு, வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் எதற்காக வந்தோம் என்று தெரியாமல் வழி விட்டார்கள். ஜனங்கள் போகலாம், விதியில் தடையில்லை. போகக் கூடாதவர் ஒரே ஒருவர்தான். நானூறு காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு மக்பூல் பாய் வந்தார். அத்தர் மணக்க, கையில் சாவிக்கொத்து. "சார், பேஜார் பண்ணாதீங்க. ஆறு மணிக்கு இங்க கல்யாண வலீமா விருந்து கீது. பூக்காரன் வந்துட்டான்."

"கூட்டம் இன்னும் முடியலை பாய்."

"முடிக்க வேணாம் சார். நடத்துங்க. கொஞ்சம் வெளிய எடுத்துக்கினு போய் நடத்துங்க."

மேசை, பேனர், தண்ணீர் பாட்டில்கள், எப்சி, சூரியபிரகாஷ் எல்லாம் எதிரே இருந்த பஸ் நிழற்குடைக்கு இடம் மாறின. ஜெர்சன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு விதி கிடையாது. திங்கட்கிழமை அடிக்கல் நாட்டு விழா. பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பெயர் பொறித்த கல்வெட்டும் தயார். சூரியபிரகாஷின் மூன்று போன்களும் மாறி மாறி அடித்தன. ஒவ்வொரு போனுக்கும் எழுந்து நின்று பேசினார்.

ஆறு மணிக்கு ஆம்பூர் கம்பெனி பஸ் வந்து நின்றது. மோகனாவை அழைத்துப்போக டிவிஎஸ் ஃபிஃப்டியுடன் வந்திருந்த வேதாசலத்தை சூரியபிரகாஷ் பார்த்தார். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்த மைக் குரல் போய்விட்டிருந்தது.

"வேதாசலம், உங்களுக்காக நானே உக்காந்து டைப் பண்ணச் சொல்லி வெச்சிருக்கேன். பாருங்க." ஒரு தாளை நீட்டினார். சர்வே எண் 116/2B. நில வகை: நன்செய். நீர் ஆதாரம்: திறந்தவெளிக் கிணறு ஒன்று, நாற்பத்தெட்டு அடி. நில எடுப்பிலிருந்து நிரந்தரமாக விலக்கு அளிக்கப்படுகிறது. முத்திரை இருந்தது. பச்சை மை இன்னும் காயக்கூட இல்லை.

"உங்க கிணறு உங்களுக்கே. சாகற வரைக்கும் ஒருத்தனும் கை வெக்க மாட்டான். குறிப்புல மட்டும் ஒரு கையெழுத்து. இன்னொண்ணை நான் பாத்துக்கறேன்."

வேதாசலம் தாளை வாங்கினார். இரண்டு வாரமாக நாயாய் அலைந்து, வாளி சுமந்து, கும்பிட்டுக் கேட்டது இதுதான். கிணறு ஒன்று, நாற்பத்தெட்டு அடி. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, பேனாவைக்கூட வாங்கிவிட்டார்.

மோகனா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தாள். "மத்தவங்க நெலம்?"

"எடுத்துப்பாங்க."

"தண்ணிக்குப் போரு போடுவாங்களா?"

"பன்னெண்டு. ஆயிரத்து எரநூறு அடி."

"நம்ம கெணறு எத்தினி அடி?"

வேதாசலம் தாளில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். தோல் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு, பக்கத்தில் ஒரு போர் இறங்கினால் சுற்றுப்பட்டுக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். பன்னிரண்டு இறங்கினால் இரண்டு கோடைகூடத் தாங்காது. கோவிந்தம்மாள் நிலமும் போய், மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பட்டாவும் போய், நடுவில் இவருடைய நாற்பத்தெட்டு அடிப் பள்ளம் மட்டும் முத்திரையோடு நிற்கும். அவர் பேனாவை மூடி, தாளின்மேல் வைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தினி நாளா கெணறு தரையில இருந்திச்சு சார், உங்க ரெக்கார்டுல இல்ல. நான் இதுல கையெழுத்துப் போட்டேன்னா ரெக்கார்டுல இருக்கும், தரையில இருக்காது. பரவால்ல சார். எனக்குத் தரையிலியே இருக்கட்டும்."

மோகனா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வேதாசலம் மிதித்துக் கிளப்பினார்.

திங்கட்கிழமை அடிக்கல் நாட்டப்படவில்லை. கூட்டம் முடியாமல் கோப்பு நகராது. கோப்பு நகராமல் கல் நகராது. அலுவல் நாட்களில் பதினோரு மணிக்கு சூரியபிரகாஷ் பஸ் நிழற்குடையில் மேசை போட்டுக் கூட்டத்தைத் தொடங்குகிறார். ஐந்து மணிக்கு ஒத்திவைக்கிறார். முதல் வாரம் ஜனங்கள் தன்னிடம் வருவார்கள் என்று காத்திருந்தார். இரண்டாம் வாரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் பட்டா இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். மூன்றாம் வாரம், நிழற்குடையில் தனக்குப் பதிலாக எப்சியை உட்காரவைத்துவிட்டு, குறிப்பையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து மருதேரிப்பட்டுக்கே வந்துவிட்டார். கோவிந்தம்மாள் நெல்லில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வரப்பில் நின்றார். அவள் நிமிரவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செருமினார்.

"அம்மா, ஒரே ஒரு கையெழுத்து. ரொம்ப நாளா அலையறேன்."

"இன்னிக்குக் கையெழுத்துப் போடறவங்க லீவு சார்" என்றாள் கோவிந்தம்மாள், களையைப் பிடுங்கி வரப்பில் எறிந்தபடி. "நாளைக்கு வாங்க."